முடிப்பாசிக்குக் கடல் முயல்: ஒரு வளர்ப்பாளரின் மதிப்பீடு

என் 400 லிட்டர் பவளத் தொட்டியில், முடிபோல் நீண்ட இழைகளாக வளரும் முடிப்பாசி பாறைகளை மூடிப் பவளங்களின் அடிவரை படர்ந்துவிட்ட நிலையில்தான், பாசியைத் தின்னும் கடல் முயலை வாங்கினேன். கையால் பிடுங்கியும் பிரஷ்ஷால் தேய்த்தும் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் சில நாட்களில் பழையபடி வளர்ந்துவிட்டது. டர்போ நத்தைகள் குட்டையான பாசியை நன்றாக மேய்ந்தன. ஆனால் விரல் நீளத்துக்கு வளர்ந்துவிட்ட இழைகளை அவை அண்டவே இல்லை.

நான் வாங்கியது டோலபெல்லா ஆரிகுலேரியா என்னும் இனம். நத்தைகளின் உறவான இந்த மெல்லுடலிக்கு வெளியில் தெரியும் ஓடு கிடையாது. தலையில் நிமிர்ந்து நிற்கும் இரண்டு உணர்கொம்புகள் முயற்காதுகளை நினைவூட்டுவதால் இப்பெயர் வந்தது. பகலெல்லாம் மணலில் பாதி புதைந்து அசையாமல் கிடந்ததைக் கண்டு முதல் நாள் மிகவும் கவலைப்பட்டேன். விளக்கு அணைந்த பிறகு அது பாறைமீது ஏறி, நீண்ட இழைகளை அடியோடு கத்தரித்துக்கொண்டே நகர்ந்ததைப் பார்த்ததும் அந்தக் கவலை நீங்கியது. இரண்டு வாரங்களுக்குள் தொட்டியின் பெரும்பகுதியில் பாறையின் நிறம் மீண்டும் தெரிந்தது. பவளங்களை அது ஒருமுறைகூடக் கடிக்கவில்லை. பாறையில் ஒட்டாமல் வைத்திருந்த சிறு பவளத் துண்டுகளை மட்டும் தன் எடையால் உருட்டிவிட்டது.

ஆயினும் எல்லோருக்கும் இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. நீரோட்டப் பம்பின் உறிஞ்சுவாயில் சிக்கினால் இதன் மெல்லிய உடல் கிழிந்துவிடும் என்பதால், விடுவதற்கு முன்பே எல்லா உறிஞ்சுவாய்களையும் ஸ்பாஞ்சால் மூடியாக வேண்டும். காயமோ கடும் அச்சமோ ஏற்பட்டால் ஊதா நிற மையைக் கக்கும். சிறிய தொட்டியில் அது மற்ற உயிர்களுக்கும் ஆபத்தாகலாம். எனவே நீரிலிருந்து மையை உறிஞ்சும் ஆக்டிவேட்டட் கார்பனையும், மாற்றுவதற்கான உப்பு நீரையும் முன்கூட்டியே தயாராக வைத்திருக்க வேண்டும். உப்பின் அளவு திடீரென மாறுவதையும் இது தாங்காது. ஆகவே பையிலிருந்து நேரடியாகக் கொட்டாமல், தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து நிதானமாகப் பழக்குவது அவசியம். செம்பு கலந்த மருந்து இட்ட தொட்டியில் இதை விடவே கூடாது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் பட்டினிதான். பாசி தீர்ந்ததும் இதன் உணவும் தீர்ந்துவிடுகிறது. உணவில்லாத கடல் முயல் நாளுக்கு நாள் சுருங்கி, கண்ணெதிரிலேயே மடிந்துபோகும். நான் நோரித் தாள்களை (உலர்ந்த கடற்பாசித் தாள்களை) கவ்வியில் மாட்டி வைத்தேன்; அது தின்றது, ஆனால் போதுமான அளவு தின்றதாகத் தோன்றவில்லை. அதனால், பாசி நிறைந்த தொட்டி வைத்திருந்த ஒரு நண்பரிடம் ஒப்படைத்துவிட்டேன். வாங்கும்போதே, வேலை முடிந்த பிறகு திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்று கடையில் கேட்டு உறுதிசெய்துகொள்வது அந்த உயிருக்கு நாம் செய்ய வேண்டிய குறைந்தபட்ச நியாயம்.

தின்ற பாசியில் இருந்த சத்தின் பெரும்பகுதி கழிவாக மீண்டும் நீருக்கே வருகிறது என்பதையும் மறக்கக்கூடாது. கடல் முயல் மேய்ந்துகொண்டிருந்த வாரங்களில் நான் கழிவுகளைக் குழாயால் உறிஞ்சி எடுத்தேன். மீன்களுக்கு இடும் தீனியைக் குறைத்தேன். பாசிக்குச் சத்தாகும் நைட்ரேட், பாஸ்பேட் ஆகியவற்றின் அளவுகளைத் தொடர்ந்து சோதித்து வந்தேன். அது போன பிறகும் பாசி திரும்பாததற்குப் பாதிக் காரணம் இந்தப் பராமரிப்புதான் என்று நம்புகிறேன்.