மைட்டோகாண்ட்ரியா நோய்க்கு உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிள்: நீண்டநாள் பயன்பாட்டு அனுபவம்

உடற்பயிற்சி சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது, "எவ்வளவு டைட் வைக்கலாம்?" மைட்டோகாண்ட்ரியா நோய் உள்ளவர் கேட்க வேண்டியது அதற்கு நேர் எதிர்: எவ்வளவு லூஸ் ஆகும்? பெட்டியில் 16 லெவல், 32 லெவல் என்று அச்சடித்திருந்தாலும் வேலைக்கு ஆவது முதல் இரண்டு மூன்றுதான். முதல் லெவலிலேயே தொடை எரிந்தால் அந்த மெஷின் நமக்கு இல்லை.

காரணம் நோயிலேயே இருக்கிறது. செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா இதில் சரியாக வேலை செய்யாது. ரத்தம் ஆக்சிஜனைக் கொண்டுவந்து கொடுத்தாலும் தசையால் அதை முழுதாகப் பயன்படுத்த முடிவதில்லை. செய்யும் வேலை கொஞ்சம், அதற்கு இதயம் அடிப்பதோ அதிகம். ஆக்சிஜன் உதவாதபோது தசையில் சேரும் லாக்டேட்டும் சீக்கிரமே ஏறிவிடும். அதற்காகப் படுத்தே இருந்தால் உள்ள தெம்பும் போய்விடும். 2006-ல் 'பிரெய்ன்' மருத்துவ இதழில் வந்த டென்மார்க் ஆய்வில், 20 நோயாளிகள் 12 வாரம் சைக்கிள் மிதித்ததில் உச்ச ஆக்சிஜன் பயன்பாடு சராசரியாக 26 சதவீதம் கூடியது. பயிற்சியை விட்டால் இந்தப் பலன் தங்காது. அதனால் பத்து நாள் வீராவேசத்தைவிட, வருடக்கணக்கில் தொடரக்கூடிய சின்ன அளவே மேல்.

மெஷின் வாங்கும் முன் ஈசிஜி, எக்கோ இரண்டும் முடிந்திருக்க வேண்டும். சில மரபணு மாற்றங்களில் இதயத் தசை தடிக்கும்; சிலவற்றில் இதயத்தின் மின்னோட்டமே தடைபடும். இதில் சமரசம் கிடையாது.

சாய்மானம் உள்ள ரெகம்பென்ட் சைக்கிள்தான் முதல் தேர்வு. முதுகுக்கு முட்டு இருப்பதால், உடம்பை நிமிர்த்திப் பிடிப்பதிலேயே தெம்பு செலவாகாது. இமை தொங்குபவர்கள், இரட்டைப் பார்வை உள்ளவர்கள், தள்ளாட்டம் உள்ளவர்கள் ட்ரெட்மில்லை மறந்துவிடலாம். சாய்மான சைக்கிளில் விழும் பயம் குறைவு. நடுவில் கம்பி குறுக்கிடாமல், காலைத் தூக்காமலே ஏறும்படி இருக்கிறதா என்று பாருங்கள். மிதி மிகத் தூரம் போகும்போது முழங்கால் லேசாக, 25 முதல் 30 டிகிரி, மடங்கியிருக்க வேண்டும். சீட் கிட்டே இருந்தால் முன்தொடை சீக்கிரம் எரியும். தள்ளி இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு ஆடும்.

மேஜைக்கடியில் வைக்கும் குட்டி பெடல் இடத்தை அடைக்காது, ஆனால் தொல்லை அதிகம். உராய்வில் ஓடும் வகையில் திருகைத் திருப்பினால் ஒரு பட்டை அச்சை இறுக்கும். மிதிக்க மிதிக்க அது சூடாகி இறுக்கமும் மாறும். நேற்றைய அளவு இன்றைக்குப் பொருந்தாது. காந்த வகையில் இந்தச் சிக்கல் இல்லை, விலை கூடினாலும் அதுதான் நல்லது. திருகில் எண் இல்லை என்றால் ஒரு துண்டு டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். மிதிக்கும்போது பெடல் முன்னால் நகரும். சுவரை ஒட்டி, ரப்பர் விரிப்பின்மேல் வையுங்கள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து மிதிப்பவர்கள் பிரேக் போட்ட பிறகே தொடங்க வேண்டும். ஆபீஸ் உருளை நாற்காலி வேண்டவே வேண்டாம், பின்னால் ஓடிவிடும்.

மோட்டார் வைத்த வகை காலைத் தானே சுற்றிவிடும். விறைப்புக்கும் மூட்டுக்கும் நல்லது. நாம் சேர்ந்து மிதிக்காவிட்டால் அதைத் தெம்புப் பயிற்சிக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

தொடங்கும் அளவு: மிகக் குறைந்த லெவல், நிமிடத்துக்கு 40 முதல் 50 சுற்று. ஒரு நிமிடம் மிதி, இரண்டு நிமிடம் ஓய்வு, இப்படி ஐந்து முறை. ஒருநாள் விட்டு ஒருநாள், வாரம் மூன்று முறை. இரண்டு வாரம் பிரச்சினை இல்லாமல் போனால் மிதிக்கும் நேரத்தில் மொத்தமாக ஒரு நிமிடம் கூட்டலாம். இருபது நிமிடம் சுலபமானால்தான் அடுத்த லெவல்; ஏற்றும்போது நேரத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடுங்கள். நேரத்தையும் டைட்டையும் ஒரே வாரத்தில் கூட்டியதுதான் பெரும்பாலான சறுக்கல்களுக்குக் காரணம்.

இதயத் துடிப்பைப் பார்த்து அளவு வைப்பது இந்த நோயில் ஏமாற்றும். 220-லிருந்து வயதைக் கழிக்கும் சூத்திரத்தைத் தூக்கிப் போடுங்கள். பீட்டா பிளாக்கர் (துடிப்பைக் குறைக்கும் மாத்திரை) சாப்பிடுபவர்களுக்கு எண் இன்னும் பொய் சொல்லும். கைக்கடிகாரம் சில நேரம் மிதிக்கும் வேகத்தையே துடிப்பாகக் காட்டிவிடும். எண் வேண்டுமென்றால் மார்புப் பட்டைதான் சரி. எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று நாமே எண் போடும், 6 முதல் 20 வரையுள்ள போர்க் அளவில் 11, 12-ல் நின்றால் போதும்: முழு வாக்கியம் பேச வர வேண்டும், பாட்டுப் பாட வராவிட்டால் பரவாயில்லை. திரையில் ஓடும் கலோரி எண்ணை நம்பவே வேண்டாம்.

கொஞ்சம் தம் பிடித்தால் பிறகு லேசாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அப்படி நடப்பது மெக்கார்டில் என்ற வேறொரு தசை நோயில். இங்கே தம் பிடித்தால் மறுநாள்தான் பில் வரும்.

அந்த மறுநாள்தான் உண்மையான மீட்டர். காலையில் எழுந்து பல் துலக்கி, படி ஏறி, வழக்கமான வேலை நடக்கிறதா? நடந்தால் அளவு சரி. அசதி 24 மணி நேரத்தைத் தாண்டினால் அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள். தலைக்குக் குளித்த நாள், ஆஸ்பத்திரி போய்வந்த நாள் எல்லாம் பயிற்சி நாள்தான். அன்றைக்குச் சைக்கிளுக்கு லீவு.

வெறும் வயிற்றில் மிதிக்கக் கூடாது. ஒரு மணி நேரம் முன்பு மாவுச்சத்து உள்ள ஏதாவது கொஞ்சம் சாப்பிடுங்கள். இன்சுலின் போடுபவர்கள் முன்னும் பின்னும் சர்க்கரை பார்க்க வேண்டும். உடம்பு சூடேறினால் சிலருக்குச் சட்டென்று தெம்பு இறங்கும். ஃபேன் முகத்துக்கு நேராக இருக்கட்டும். நெஞ்சுவலி, படபடப்பு, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்துங்கள், மருத்துவரிடம் சொல்லாமல் மறுபடி ஏறாதீர்கள். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் தசை உடைகிறது என்று பொருள், அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

நாள்பட்ட பிறகு வரும் மெஷின் கோளாறுகள் சின்னவைதான். இடது மிதியின் மரை எதிர்த்திசையில் இருக்கும். தெரியாமல் வழக்கம்போல் முறுக்கினால் மரை போய்விடும், பிறகு மிதி பொருந்தும் கையான கிராங்கையே மாற்ற வேண்டிவரும். மாதம் ஒருமுறை இரண்டு மிதியையும் ஸ்பேனர் வைத்து இறுக்குங்கள். பாத உணர்ச்சி குறைந்தவர்கள் ஸ்ட்ராப்பை இறுக்கும்போது உள்ளே ஒரு விரல் நுழைய இடம் விடுங்கள், முடித்ததும் பாதத்தில் சிவப்புத் தடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

காய்ச்சல் வந்தால் சைக்கிள் பக்கமே போகக் கூடாது. சரியாகிச் சாப்பாடு பழையபடி ஆன பிறகு, விட்ட இடத்தில் தொடங்காமல், பழைய நேரத்தில் பாதி, ஒரு லெவல் கீழே என்று ஆரம்பியுங்கள்.