கையில எரியறது, காத்துல எரியறது, தண்ணியில எரியறது: விமானத்துல இருந்து போடற அடையாளத்துல எது தேவலை?

போன மாசம் கடலூர் தேவனாம்பட்டினத்துல மச்சினன் வீட்டுக்குப் போயிருந்தேன். தடைக்காலம், போட்டு கரையில கெடக்கு, அவன் வாசல்ல உக்காந்து கிழிஞ்ச வலையைக் கட்டிக்கிட்டு இருந்தான். நான் சர்வீஸ்ல இருந்தப்போ ரோந்து விமானத்துல கதவோரம் உக்காந்து, கடல்ல ஆள் கெடக்கற இடத்துக்கு அடையாளமா புகை டப்பா போட்ட ஆளுன்னு அவனுக்குத் தெரியும், அதனால திடீர்னு, "மாமா, ஆளைத் தேடப் போற ப்ளேன்ல எதுக்கு நெருப்பு வைக்கணும், கோலப்பொடி மாதிரி ஒரு கலரைக் கொட்டிட்டுப் போனா ஆகாதா?"ன்னு கேட்டான். சிரிச்சிட்டு விட்டிருக்கலாம், ஆனா யோசிச்சுப் பாத்தா அது சரியான கேள்வி, கதவுல உக்காந்தவங்களே அதைப் பத்தி அடிச்சுக்குவாங்க. அவன்கிட்ட சொன்னதைத்தான் இங்க எழுதறேன், அங்க டீ ஆறிப்போனதால பாதியில விட்ட விஷயத்தையும் சேத்து.

முதல்ல ஒண்ணு. எது அதிக வெளிச்சம், எது ரொம்ப நேரம் எரியும்னுதான் எல்லாரும் ஒப்பிடுவாங்க. நான் பாக்குறது வேற, நெருப்பு எங்க ஆரம்பிக்குது? என் கையிலயா, ஆகாசத்துலயா, தண்ணிக்குள்ளயா? இதை வச்சுப் பாத்தா யாரு எங்க நிக்கறாங்கன்னு சுலபமா தெரிஞ்சிடும்.

காத்துல எரியறதுல பெரிய ஆளு பாராசூட் ஃப்ளேர். டைமர் வச்சு கதவு வழியா தள்ளுவாங்க, கொஞ்ச தூரம் விழுந்ததும் குடை விரிஞ்சு மேக்னீசியம் பத்திக்கும், ராத்திரி கடலே பகல் மாதிரி ஆயிடும். அமெரிக்காக்காரன் பழைய மார்க் 24 ஃப்ளேர் 3 அடி நீளம், 27 பவுண்டு, அதாவது நம்ம கணக்குல 12 கிலோவுக்கு மேல, வெளிச்சம் 20 லட்சம் கேண்டில்பவர், அதாவது 20 லட்சம் மெழுகுவத்தி. வெளிச்சத்துல இதை அடிச்சுக்க ஆளே இல்ல. ஆனா பின்னை உருவினதுக்கு அப்புறம் அது உங்க பேச்சைக் கேக்காது, டைமர் பேச்சைத்தான் கேக்கும். டைமர் ஓடிக்கிட்டு இருக்கறப்போ டப்பா கதவுக்கு வெளிய இருந்தா விளக்கு, உள்ள இருந்தா கொள்ளி.

1969 பிப்ரவரி 24 ராத்திரி வியட்நாம்ல நடந்தது இதேதான். துப்பாக்கி பொருத்துன அமெரிக்க ஏசி-47 விமானத்துல ஆளுங்க கையால ஃப்ளேர் தூக்கிப் போட்டுக்கிட்டு இருக்கறப்போ ரெக்கையில ஒரு மார்ட்டர் குண்டு விழுந்துச்சு. குலுங்குன குலுக்கல்ல பின் கழண்ட ஃப்ளேர் ஒண்ணு உள்ளேயே விழுந்து தோட்டாப் பெட்டிங்களுக்கு நடுவுல உருள ஆரம்பிச்சுச்சு. லோட்மாஸ்டர், அதாவது விமானத்துல சாமானுக்குப் பொறுப்பான ஆள், ஜான் லெவிட்டோ, உடம்புல 40 இடத்துக்கு மேல சில்லு ஏறியிருக்கு, கால் வேலை செய்யல, உருள்ற டப்பாவைக் கையால பிடிக்க முடியாம அது மேலயே விழுந்து நெஞ்சோட அணைச்சுக்கிட்டு கதவு வரைக்கும் தவழ்ந்து போய் வெளிய தள்ளினாரு. தள்ளின உடனே வெளிய பத்திக்கிச்சு. அவருக்கு அமெரிக்காவோட உச்ச வீர விருதான மெடல் ஆஃப் ஹானர் கொடுத்தாங்க. அதுக்கு ரெண்டு வருஷம் நாலு மாசம் முன்னாடி, 1966 அக்டோபர் 26, ஒரிஸ்கனிங்கற விமானந்தாங்கிக் கப்பல்ல இதே ஜாதி ஃப்ளேர் ஒண்ணு கைமாத்தறப்போ பத்திக்கிச்சு. வச்சிருந்த ஆள் பயந்துபோய் அதை ஃப்ளேர் ரூமுக்குள்ளயே வீசி கதவைச் சாத்திட்டான், உள்ள இருந்த மத்ததும் சேந்து எரிஞ்சு 44 பேர் போயிட்டாங்க. ஒருத்தன் டப்பாவை வெளிய கொண்டுபோனான், ஒருத்தன் உள்ள வீசினான். அந்த நொடியில நம்ம புத்தி எந்தப் பக்கம் போகும்னு யாரும் முன்கூட்டி சொல்ல முடியாது, அதனாலதான் ஃப்ளேர் போட பழக்கறப்போ மத்ததை விட்டுட்டு "எதுவா இருந்தாலும் கதவுக்கு வெளிய"ங்கறதை மட்டும் திரும்பத் திரும்ப செய்ய வைப்பாங்க. மேக்னீசியம் எரியறப்போ தண்ணி ஊத்தறது இன்னும் மோசம், ஹைட்ரஜன் கிளம்பி தீயைத் தூக்கி விடும்.

அடுத்தது கையில ஆரம்பிக்கறது, ரிங்கை இழுத்துட்டு வீசற ஆரஞ்சு புகை. கப்பல் லைஃப்போட்டுல வைக்கற மிதக்கற புகை டப்பாவே இந்த வகைதான், சர்வதேச விதிப்படி குறைஞ்சது 3 நிமிஷம் புகை விடணும். ஹெலிகாப்டர்ல தாழ்வா நிக்கறப்போ சில பேருக்கு இதுதான் சவுகரியம்னு நெனப்பு, சின்னதா இருக்கு, இழுத்தா உடனே வருது. எனக்கு இது சுத்தமா ஆகாது. இழுத்ததுக்கும் வீசறதுக்கும் நடுவுல ஒரு விக்கல் வந்தாக்கூட புகை கேபினுக்குள்ள, பைலட்டுக்கு மீட்டர் தெரியாது, கீழ கடல். தீபாவளிக்கு லட்சுமி வெடியைக் கையில பத்தவச்சு வீசற தைரியசாலி எல்லாத் தெருவுலயும் ஒருத்தன் இருப்பான், நல்லாத்தான் வீசிக்கிட்டு இருப்பான், ஒரு வருஷம் வரைக்கும்.

இப்போ எனக்குப் பிடிச்ச ஆளு, தண்ணியில ஆரம்பிக்கறது. கடல்தண்ணி பேட்டரி வச்ச பாஸ்பரஸ் மார்க்கர். மார்க் 25னு ஒண்ணு, ஒண்ணரை அடி நீளம், ரெண்டு கிலோகூட இல்ல, கால் மணி நேரம் எரியும். மார்க் 58 கொஞ்சம் குண்டு, ஆறு கிலோ கிட்ட, 40 நிமிஷத்துல இருந்து 60 நிமிஷம் வரைக்கும் போகும். இதுங்களோட சூட்சுமம் என்னன்னா உள்ள இருக்கற பேட்டரி செத்த பேட்டரி. உப்புத்தண்ணி உள்ள போனாத்தான் கரண்டு வரும், கரண்டு வந்தாத்தான் மருந்து பத்தும். மார்க் 58ல மேல இருக்கற ரிங்கை இழுத்தா டேப் கிழியும், தண்ணி போற ஓட்டை திறக்கும், அவ்வளவுதான், நெருப்பு இன்னும் பிறக்கவே இல்ல. கை தவறி கேபின்ல விழுந்தாலும் உருளும், மனசு பதறும், எடுத்து வெளிய போட நேரம் இருக்கும். லெவிட்டோவுக்குக் கிடைக்காத அந்த நேரம்தான் எல்லாம். எரிய ஆரம்பிச்சா பகல்ல வெள்ளைப் புகை, ராத்திரி தீ நாக்கு, ரெண்டு வேலைக்கும் ஒரே டப்பா. புகை சாயற பக்கத்தைப் பாத்து ஹெலிகாப்டர் பைலட் காத்து எந்தப் பக்கம்னு தெரிஞ்சுக்குவாரு, இது கலர் பொடியால முடியாத காரியம்.

குறை இல்லையான்னா இருக்கு. டேப் கிழிச்சாச்சு, பைலட் "வேணாம், இன்னொரு சுத்து"ன்னு சொல்றாரு, இப்போ அந்த டப்பாவைத் திரும்ப ராக்குல சொருகக் கூடாது. கதவு தொறந்து உப்புக்காத்து அடிக்குது, கையெல்லாம் ஈரம். ஆள் இல்லாத கடலாப் பாத்து விட்டுடணும். ஒரு டப்பா வீணாப் போச்சேன்னு ஸ்டோர்ஸ்ல முகம் சுளிப்பாங்க, சுளிக்கட்டும். கடைசி நிமிஷம் வரைக்கும் டேப்பைத் தொடக்கூடாதுங்கறதும் இதனாலதான், ஆனா ஆர்வக்கோளாறுல முன்னாடியே கிழிச்சு வரிசையா அடுக்கி வச்ச ஆளை நான் பாத்திருக்கேன், அன்னிக்கு அவன் வாங்குன ஏச்சு இன்னும் காதுல இருக்கு. (நான்தான் அந்த ஆளுன்னு மச்சினன்கிட்ட சொல்லல.) இன்னொண்ணு, நல்ல தண்ணியில இது வேலை செய்யாது. 2015ல கடலூர் மாவட்டமே வெள்ளத்துல கெடந்துச்சே, அந்தத் தண்ணியில இதைப் போட்டிருந்தா வெறும் டப்பாவா மிதந்திருக்கும்.

அப்புறம் பெட்ரோல். கவுந்த போட்டைச் சுத்தி டீசலோ பெட்ரோலோ பரவிக் கெடந்தா எரியற எதையும் கிட்டக்க போடவே கூடாது. அவுட்போர்டு இன்ஜின் மாட்டுன பைபர் போட்டுன்னா கேக்கவே வேணாம். காப்பாத்தப் போறவன் கொளுத்திட்டு வர்ற கதையாயிடும்.

இங்கதான் மச்சினனோட கோலப்பொடி வருது. அது உண்மையிலேயே இருக்கு, ஃப்ளோரசின்னு ஒரு சாயம், தண்ணியில கலந்தா பச்சையா பளிச்சுன்னு விரியும். தீ இல்ல, பின் இல்ல, டைமர் இல்ல, பாக்கெட் கேபின்ல ஒடஞ்சா துணி பாழாகும், அதோட சரி. புகை டப்பாவைக் காத்து தள்ளிக்கிட்டு போகும், சாயம் தண்ணியோட தண்ணியாவே நகரும், தண்ணியில கழுத்தளவு மூழ்கிக் கெடக்கற ஆளும் ஏறக்குறைய அப்படித்தான் நகர்றான், அந்த விதத்துல சாயம் சொல்றதுதான் நிஜம். ஆனா ராத்திரி பூஜ்யம். அலை அதிகமா இருந்தா சீக்கிரம் கரைஞ்சு கலைஞ்சு போயிடும். ஐப்பசி கார்த்திகையில கெடிலமும் தென்பெண்ணையும் செம்மண் தண்ணியைக் கொண்டாந்து கொட்டறப்போ முகத்துவாரம் பக்கம் கடல் டீ கலர்ல இருக்கும், அதுல பச்சையைத் தேடறதும் சோத்துக்குள்ள உப்பைத் தேடறதும் ஒண்ணு. பகல், தெளிஞ்ச கடல், எண்ணெய் மிதக்குது, இந்த மூணும் சேந்தா நான் கண்ணை மூடிக்கிட்டு சாயத்துக்குத்தான் ஓட்டு போடுவேன். மத்தபடி பாஸ்பரஸ்.

எலக்ட்ரானிக் மிதவைன்னு ஒண்ணும் இருக்கு, தண்ணியில போட்டா தன் இடத்தை ரேடியோவுல சொல்லிக்கிட்டே மிதக்கும். கண்ணு தேவையில்ல, ராத்திரி பகல் இல்ல, நெருப்பும் இல்ல. பாதுகாப்புன்னு பாத்தா இதுதான் முதல். விலைதான் இடிக்கும், அதோட விசைப்படகுல வந்து தேடற மத்த மீனவங்களுக்கு அது கண்ணுல படாது, அவங்களுக்குப் புகையைக் காட்டினாத்தான் திரும்புவாங்க.

சரி, எதைப் போடறதுங்கறது ஒரு பக்கம், எப்படிப் போடறதுங்கறது இன்னொரு சண்டை. கையால கதவு வழியாவா, குழாய் வழியாவா? அரக்கோணம் ராஜாளி தளத்துல இருக்கற பி-8ஐ மாதிரி பெரிய விமானத்துல நீர்மூழ்கியைக் கேக்கற சோனோபாய் எல்லாம் லாஞ்சர் குழாய்ல போகும், ஒவ்வொண்ணும் 3 அடி நீளம், ஆளு கதவுல நிக்க வேண்டியதே இல்ல. ஆளுக்கு அது பத்திரம், இடமும் துல்லியமா விழும். கையால போடறதுல துல்லியம் எப்படி போகும்னு ஒரு கணக்கு: 120 நாட் வேகம்னா நொடிக்கு 62 மீட்டர். பைலட் "டிராப்"னு சொல்லி நான் ஒரு நொடி தடுமாறினா 62 மீட்டர் போச்சு. 200 அடி உயரத்துல இருந்து கீழ விழ மூணரை நொடி, காத்துத் தடையை விட்டுட்டுப் பாத்தா அதுக்குள்ள டப்பா முன்னாடி 200 மீட்டருக்கு மேல ஓடியிருக்கும். ஆள் தலைக்கு நேரா வரும்போது போட்டா டப்பா ஆளைத் தாண்டி எங்கயோ விழும், அதனால முன்னாடியே விடணும், இது நாளாக நாளாகக் கையில படியற விஷயம்.

ஆனா குழாய்க்கு ஒரு கெட்ட குணம், சிக்கிச்சுன்னா கண்ணுக்குத் தெரியாது. எரியற சாமான் பாதிக் குழாய்ல நின்னா என்ன பண்ணுவீங்க? கையால போடறப்போ போச்சா இல்லையான்னு என் கண்ணே சாட்சி. அதனால சோனோபாய்க்கு குழாய், நெருப்பு சாமானுக்கு கை, இது என் கட்சி, ஒத்துக்காதவங்க நிறைய பேர் உண்டு.

கைன்னு முடிவு பண்ணிட்டா இடுப்புல பெல்ட்டு மாட்டி, பெல்ட்டைத் தரையில இருக்கற வளையத்துல மாட்டினதுக்கு அப்புறம்தான் கதவே தொறக்கணும். மோதிரம், வாட்ச், மேல் பாக்கெட்டு பேனா எல்லாம் கழட்டி வச்சிடணும். ஹெலிகாப்டர்ல பின்பக்கமா வீசக் கூடாது, அங்க வால் விசிறி இருக்கு, நேரா கீழ பாத்து அழுத்தி விடணும், தொங்கற நாடா, துணி எதுவும் டப்பாவுல இருக்கக் கூடாது, மேல சுழல்றது அதை இழுத்துக்கும். உருவுன பின், கிழிச்ச டேப்பு, ரிங்கு ஒண்ணு விடாம ஒரு பையில போட்டு எறங்கினதும் எண்ணிப் பாப்போம். நாலு போட்டோம், மூணு ரிங்குதான் இருக்குன்னா அந்த நாலாவது ரிங்கு தரை இடுக்குல எந்த கம்பியில போய் மாட்டியிருக்கோன்னு ராத்திரி முழுக்க டார்ச் அடிச்சுத் தேடுவோம்.

இதையெல்லாம் கேட்டுட்டு மச்சினன், "எங்க போட்டுல இருக்கற கைத்தீவட்டி எதுல சேத்தி?"ன்னான். கையில எரியற கட்சிதான். விதிப்படி ஒரு நிமிஷம் எரியணும், 15,000 கேண்டெலா வெளிச்சம். குழம்பு சட்டியில இருந்து தெறிக்கற மாதிரி சொட்டும், பைபர்ல ஓட்டை போட்டுடும், அதனால காத்து போற பக்கமா கையை போட்டுக்கு வெளிய நீட்டிப் பிடிக்கணும். ராக்கெட் ஃப்ளேர் 300 மீட்டர் ஏறும், தலைக்கு மேல ஹெலிகாப்டர் வந்ததுக்கு அப்புறம் அதைக் கொளுத்தாதேன்னு ரெண்டு தடவை சொன்னேன்.

அப்போதான் அவன் சாதாரணமா சொன்னான், தாழங்குடா பக்கம் ஒருத்தர் வலையில ஒரு அலுமினிய டப்பா சிக்கி, காயிலான் கடையில போடலாம்னு கொல்லைப்புறத்துல வச்சிருக்காராம், லேசா பூண்டு வாடை அடிக்குதாம். எனக்கு டீ தொண்டையில நின்னுடுச்சு, நாங்க போடற பாஸ்பரஸ் மார்க்கரா இருக்குமோன்னு. சிவப்பு பாஸ்பரஸ், அதாவது தீப்பெட்டி ஓரத்துல தடவியிருக்கற அதே சமாச்சாரம், அரைகுறையா எரிஞ்சா உள்ள வெள்ளை பாஸ்பரஸ் தங்கிடும். ஈரமா இருக்கறவரைக்கும் சும்மா இருக்கும், காஞ்சா 30 டிகிரி சூட்டுலயே தானா பத்திக்கும், நம்ம ஊரு மே மாச வெயிலுக்கு அது வெத்திலை பாக்கு வச்சு அழைக்கற மாதிரி. பூண்டு வாடை பாஸ்பீன் வாயுவா இருக்கலாம், அது விஷம். ஜெர்மனியில பால்டிக் கடற்கரையில பழைய குண்டுலருந்து ஒதுங்குன பாஸ்பரஸ் கட்டியை அம்பர் கல்லுன்னு நெனச்சு பாக்கெட்டுல போட்டுக்கிட்டு தொடை வெந்தவங்க இருக்காங்க.

"டப்பாவை யாரும் தொட வேணாம், வெட்ட வேணாம், புள்ளைங்களைக் கிட்ட விடாதீங்க, வீட்டுல எல்லாரும் காத்து வர்ற பக்கமா தள்ளி நில்லுங்கன்னு சொல்லு, அப்புறம் போலீசுக்கு ஒரு போன், கோஸ்ட் கார்டு 1554க்கு ஒரு போன்"னேன். அவன் வலையை அப்படியே கீழ போட்டுட்டு போனைத் தேடினான். பைக்கை எடுத்துக்கிட்டு நானும் கிளம்பினேன், அவர் வீட்டு வாசல்ல நாங்க நின்னப்போ கொல்லைப் பக்கத்துல இருந்து அவரோட பேரன் கையைத் தொடைச்சுக்கிட்டே ஓடி வந்தான், நான் முதல்ல கேட்டது, "தம்பி, இப்போ எதைத் தொட்ட?"

"ஆட்டை, தாத்தா"ன்னான்.