சாரல் காலத்து வீட்டுக் கல்யாணங்களில் 35 எம்எம் லென்ஸும் ஒரே ஒரு ஃபிளாஷும்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

ஆனி மாதத்தில் செங்கோட்டை, புளியரை, பண்பொழி வட்டாரத்து வானம் ஒரு முகூர்த்த நேரத்துக்குள்ளேயே பலமுறை நிறம் மாறும். தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே மேகத்தைத் தள்ளிக்கொண்டு வருவதால், கிழக்கே திருநெல்வேலிச் சமவெளி வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும்போது இங்கே சாரல் விழும். சற்று நேரத்தில் மேகம் விலகி வெயில் அடிக்கும். அந்த வெயிலிலேயே மறுபடியும் தூறும். ஆடியில் கல்யாணம் வைப்பதில்லை என்பதால், சாரல் காலத்து முகூர்த்தங்கள் எல்லாம் ஆனியிலும் ஆவணியிலும் நெருக்கியடித்து வருகின்றன. 2020இல் கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடக்கூடாது என்ற கட்டுப்பாடு வந்தபோது, மண்டபத்தை விட்டுவிட்டுப் பூர்வீக வீட்டிலேயே தாலி கட்டும் வழக்கத்துக்குப் பல குடும்பங்கள் திரும்பின. கட்டுப்பாடு போன பிறகும் சிலர் அதையே விரும்புகிறார்கள். அத்தகைய கல்யாணங்களுக்கு 2019 இறுதியிலிருந்து நான் எடுத்துச்செல்லும் கருவிகள் இவை: சோனி ஏ7 மார்க் 3 கேமரா, அதே நிறுவனத்தின் 35 எம்எம் எஃப்/1.8 லென்ஸ், 85 எம்எம் எஃப்/1.8 லென்ஸ், கோடாக்ஸ் வி860 இரண்டாம் பதிப்பு ஃபிளாஷ் ஒன்று. இவற்றை ஸ்டுடியோவில் சோதித்துச் சொல்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சாரல் விழும் வீட்டுக்குள் இவை எப்படி உழைக்கின்றன என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். தெருவிலிருந்து திண்ணை, அதையடுத்துத் தார்சா என்னும் முன்தாழ்வாரம், பிறகு பட்டாசல் என்னும் நடுக்கூடம், அதற்கப்பால் வானவெளி என்னும் திறந்த முற்றம், இரண்டாங்கட்டு என்னும் பின்பகுதி, அடுக்களை என்று எங்கள் பக்கத்து வீடு நீளவாக்கில் போகும், அகலம் குறைவு. பட்டாசலுக்கு மேலே மச்சு, அதாவது மரக்கூரைத் தளம். அதன் பலகையும் உத்தரமும் பல தலைமுறைப் புகை ஏறிக் கறுத்த மரம். பக்கத்து ஜன்னல்கள் அண்டை வீட்டுச் சுவரைப் பார்த்திருப்பதால், பகல் வெளிச்சம் உள்ளே வருவது பெரும்பாலும் வானவெளி வழியாகத்தான். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர் ஆகையால், ஓட்டுச் சரிவு தாழ இறங்கிய மலையாளத்துப் பாங்கான வீடுகளும் எல்லையோரத்தில் உண்டு. அவற்றில் வெளிச்சம் முற்றத்துத் தரையில் பட்டு, அங்கிருந்து எதிரொளித்துத்தான் முகத்துக்கு வரும்.

இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. சாரல் காலத்தில் வெளிச்சத்தின் அளவு ஓயாமல் மாறும். அது வரும் திசை மாறவே மாறாது. மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் வானவெளி இருக்கும் பக்கத்திலிருந்துதான் வெளிச்சம் வரும். ஆகவே திசையைக் காப்பாற்றிக்கொண்டு அளவைக் கேமராவிடம் விட்டுவிடும்படி எல்லாவற்றையும் அமைத்துக்கொண்டால் பாதிக் கவலை தீரும். லென்ஸைத் தேர்ந்ததும் ஃபிளாஷை நிறுத்தும் இடத்தை முடிவுசெய்ததும் இந்த எண்ணத்தில்தான்.

35 எம்எம் லென்ஸ் வழியே மூன்று மீட்டர் தள்ளி நின்று பார்த்தால், ஏறக்குறைய மூன்று மீட்டர் அகலம் படச் சட்டத்துக்குள் வரும். மணையில் இருக்கும் மணமக்கள், பக்கத்தில் நிற்கும் பெற்றோர், எதிரே புரோகிதர் என எல்லோரையும் அடக்க இது போதும். 24 எம்எம் வைத்தால் இன்னும் நெருங்கி நின்று எடுக்கலாம். ஆனால் ஓரத்தில் நிற்பவரின் முகமும் தோளும் இழுபட்டுப் போகின்றன. பட்டாசலில் ஓரத்தில் நிற்பவர் பெரும்பாலும் தாய்மாமனாகவோ அத்தையாகவோ இருப்பார். அவர் முகம் கோணலாக விழுந்த படத்தை எந்த வீட்டிலும் ஆல்பத்தில் வைக்கமாட்டார்கள். லென்ஸின் எடை 280 கிராம்தான் என்பதால், விடியற்காலை மாப்பிள்ளை அழைப்பிலிருந்து சாப்பாட்டுப் பந்தி வரை கழுத்தில் கிடந்தாலும் வலி தெரிவதில்லை. 22 சென்டிமீட்டர் வரை நெருங்கிக் குவியம் (ஃபோகஸ்) செய்ய முடிவது இதன் இன்னொரு பலம். தட்டில் தேங்காய்மேல் தாலியை வைத்துப் பெரியவர்களிடம் ஆசிக்குக் கொண்டுபோவார்களே, அந்தத் தட்டுக்கு மேலே லென்ஸை இறக்கினால், மஞ்சள் கயிற்றின் முறுக்கும் அதில் ஒட்டிய அரிசிமணியும், பின்னால் மங்கலாக ஒரு பாட்டியின் விரல்களும் கிடைக்கும். வேறு லென்ஸ் மாட்ட நேரமில்லாத கணம் அது.

எஃப் எண் சிறிதானால் லென்ஸின் திறப்பு பெரிது, வெளிச்சமும் அதிகம். அதற்காக எஃப்/1.8 திறப்பை எப்போதும் பயன்படுத்த முடியும் என்று யாரும் எண்ணவேண்டாம். இரண்டு மீட்டர் தூரத்தில் அந்தத் திறப்பில் கிடைக்கும் குவிய ஆழம், அதாவது முன்பின்னாகத் தெளிவாக விழும் இடம், ஏறத்தாழ 35 சென்டிமீட்டர்தான். மணமக்களை நேரெதிரே நின்று எடுத்தால் இருவரும் தெளிவாக விழுவார்கள். பக்கவாட்டில் நின்று எடுத்தால் ஒருவர் முகம் மங்கிவிடும். எஃப்/2.8க்குச் சுருக்கினால் ஆழம் அரை மீட்டரைத் தாண்டும். மேலும், முழுத் திறப்பில் நகையின் விளிம்பிலும் கசவுச் சரிகைக் கரையிலும் ஊதா நிறக் கோடு தலைகாட்டுவது இப்படிப் பெரிதாகத் திறக்கும் லென்ஸ்களுக்குப் பொதுவான குணம். சற்றுச் சுருக்கியதும் அடங்கிவிடுகிறது. அதனால் சடங்கு நேரத்துக்கு எஃப்/2.5 முதல் 2.8 வரை என்று வைத்துக்கொண்டேன்; முழுத் திறப்பு அலங்கார அறைக்கும் விளக்கு வெளிச்சத்துக்கும் மட்டும். 85 எம்எம் லென்ஸ் நல்ல லென்ஸ்தான். ஆனால் இரண்டாங்கட்டிலிருந்து வானவெளியைத் தாண்டிப் பார்க்கும் ஒரு கோணத்தைத் தவிர அதற்கு இந்த வீடுகளில் இடம் இல்லை.

இனி ஃபிளாஷ். மண்டபங்களில் வெள்ளைக் கூரையை நோக்கி ஃபிளாஷைத் திருப்பி அடித்துப் பழகியவர்கள், இங்கே வந்ததும் அதையே செய்வார்கள். கறுத்த மச்சுப் பலகை பாதி வெளிச்சத்தை விழுங்கிவிட்டு மீதியைப் பழுப்பாகத் திருப்பி அனுப்பும். முகமெல்லாம் காப்பி நிறத்தில் வரும். நான் ஃபிளாஷைக் கேமராவில் மாட்டுவதே இல்லை. வானவெளிக்கும் பட்டாசலுக்கும் இடையிலுள்ள தூணோரம் ஒரு ஸ்டாண்டில் நிறுத்தி, சுண்ணாம்பு அடித்த சுவரை நோக்கித் திருப்பிவைப்பேன். வெள்ளைச் சுவர் இல்லாவிட்டால் எட்டு முழ வேட்டி ஒன்றை இரட்டையாக மடித்து வாசற்காலில் கட்டித் தொங்கவிடுவேன். வீட்டில் கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள். அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் மிருதுவாக, வானவெளி வெளிச்சம் வரும் அதே பக்கத்திலிருந்து வருவதால், மேகம் மூடினாலும் முகத்தின் எந்தப் பாதி ஒளி, எந்தப் பாதி நிழல் என்பது மாறாது. ஆல்பத்தில் அடுத்தடுத்த பக்கங்கள் ஒரே காலையில் எடுத்தவையாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

இதில் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கும்போது, திறப்பையும் ஷட்டர் வேகத்தையும் கையால் வைத்துவிட்டு ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறனை) தானியங்கியாக 6400 உச்சவரம்போடு விட்டுவிடுவது இந்த வானத்துக்கு மிகப் பொருத்தம். ஆனால் ஃபிளாஷை ஒரே அளவில் நிறுத்திவைத்திருக்கும்போது அப்படி விடக்கூடாது. மேகம் மூடினால் கேமரா ஐஎஸ்ஓவை ஏற்றும். ஃபிளாஷ் வெளிச்சமும் கூடவே ஏறி முகம் வெளுத்துவிடும். அப்போது ஐஎஸ்ஓ 1600, எஃப்/2.8, ஃபிளாஷ் முழு ஆற்றலில் பதினாறில் ஒரு பங்கு என்று மூன்றையும் பூட்டிவிட்டு, ஷட்டரை மட்டும் கையில் வைத்துக்கொள்வேன். குறைந்த ஆற்றலில் ஃபிளாஷ் மின்னல் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கும் குறைவாகவே நீடிக்கும் என்பதால், இந்தக் கேமரா ஃபிளாஷோடு ஒத்திசையும் வேக எல்லையான 1/250 நொடி வரை எந்த ஷட்டர் வேகத்திலும் அதன் அளவு படத்தில் மாறாது. வானத்து வெளிச்சம் மட்டும் கூடும் அல்லது குறையும். வெயில் வந்தால் 1/250, சாரல் விழுந்தால் 1/100, நன்றாக இருட்டிவிட்டால் 1/60. கட்டைவிரலுக்கடியில் உள்ள அந்த ஒரு சக்கரம் மேகத்துக்கு ஈடுகொடுக்கும். அதற்கும் கீழே போக நேர்ந்தால் ஐஎஸ்ஓவை 3200 ஆக்கி ஃபிளாஷை ஒரு படி, அதாவது பாதியாக, குறைத்துவிடலாம். ஃபிளாஷின் லித்தியம் பேட்டரி இந்த அளவில் ஒரு முகூர்த்தத்தைச் சிரமமில்லாமல் தாங்குகிறது.

வீட்டு எல்இடி விளக்குகள் தனித் தலைவலி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கித் தெளிகின்றன. ஷட்டர் 1/100 ஆக இருந்தால் ஒரு முழுச் சுற்று உள்ளே வந்துவிடும், படத்தில் இருட்டுப் பட்டை விழாது. ஓசையில்லாத மின்னணு ஷட்டரில் இந்தப் பட்டைகள் இன்னும் மோசமாகத் தெரியும். நாகஸ்வரமும் தவிலும் முழங்கும் பட்டாசலில் ஷட்டர் ஓசை யார் காதிலும் விழப்போவதில்லை. ஆகவே சாதாரண ஷட்டரையே வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தவரை பகலில் அந்த விளக்குகளை அணைத்துவிடச் சொல்வேன். ஒரு வீட்டில் பெண்ணின் ஆச்சி எனக்கு முன்பே அதைச் சொன்னார்: “ஏ தம்பி, அந்த லைட்ட அமத்துங்களேன். பிள்ளை கண்ணு கூசுதுல்லா.” விளக்கை அணைத்ததும் பெண்ணின் புருவம் தளர்ந்ததைப் பார்த்த பிறகு, இது நிறத்தைப் பற்றிய விஷயம் மட்டும் இல்லை என்று எனக்கு உறுதியாயிற்று. பேட்டரியில் எரியும் ஒரு எல்இடி விளக்குத் தட்டையும் இடையில் வாங்கிப் பார்த்தேன். எந்த நிறுவனத்தினுடையது என்று சொல்ல விரும்பவில்லை. மாநிறத் தோலில் அது பச்சை ஏற்றியது. ஆவணியில் ஈரம் பட்டதும் தானாக அணைந்தது. அதைக் கைவிட்டுவிட்டேன்.

நிறத்தைக் கெடுப்பவை இன்னும் இரண்டு. வானவெளியின் கம்பிவலைக்கு மேல் சாரலுக்காகப் போடும் பச்சை அல்லது நீல ஃபைபர் தகடு வீட்டையே அந்த நிறமாக்கிவிடும். தெருப் பந்தலில் கட்டும் மஞ்சள், சிவப்புத் துணி தார்சாவில் நிற்பவர்களுக்குக் காமாலை வந்ததுபோல் காட்டும். வெள்ளை வெள்ளையாகவே தெரியக் கேமராவில் வைக்கும் வெள்ளைச் சமநிலையை 5000 கெல்வினில் பூட்டிவைத்தாலும் இவற்றைச் சரிசெய்ய முடியாது. ஏனென்றால் முகத்தின் ஒரு பாதியில் ஒரு நிறமும் மறுபாதியில் வேறு நிறமும் விழுந்திருக்கும். பந்தக்கால் நடும் நாளிலேயே போய், ஒளி ஊடுருவும் நிறமற்ற தகடும் தார்சாவையொட்டி வெள்ளைத் துணியும் போடமுடியுமா என்று கேட்டுவிடுவது நல்லது. மணையை வானவெளிப் பக்கமாக இரண்டடி நகர்த்தலாமா என்பதையும் அப்போதே கேட்கவேண்டும். கிழக்கு முகம் மாறாதவரை புரோகிதர்கள் மறுப்பதில்லை.

அரக்கு நிறக் கூறைப்புடவையும், கேரளத்துப் புனலூர்ப் பக்கத்திலிருந்து வரும் உறவினர்களின் வெளிர் நிறச் செட்டு முண்டும் ஒரே சட்டத்தில் வருவது எங்கள் எல்லையோரக் கல்யாணங்களின் அழகு. படத்தின் வெளிச்ச அளவுக்கு (எக்ஸ்போஷருக்கு) அதுவே சோதனை. முண்டு நிறைய வந்தால் கேமரா படத்தை இருட்டாக்கும். பட்டு நிறைய வந்தால் வெளுப்பாக்கும். பட்டில் வெளிச்சப் பரவலைக் காட்டும் பொது வரைபடம் (ஹிஸ்டோகிராம்) ஒழுங்காகத் தெரியும்போதே சிவப்பு மட்டும் எல்லை தாண்டி, நெசவும் மடிப்பும் ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். எடுத்த படத்தில் மூன்று நிறங்களுக்கும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து, தேவையானால் வெளிச்சத்தை மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் குறைத்து எடுப்பேன் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). நிழலைப் பிறகு ரா கோப்பிலிருந்து, அதாவது கேமரா பதப்படுத்தாமல் சேமித்த கோப்பிலிருந்து, ஏற்றிக்கொள்ளலாம். இந்தக் கேமராவின் 24 மெகாபிக்சல் சென்சார் அதற்குத் தாராளமாக இடம் கொடுக்கிறது.

கெட்டிமேளம் ஒலிக்கும்போது நடப்பது சில நொடிகளில் முடிந்துவிடும். பெண் தலை குனிவாள். மாப்பிள்ளையின் கை கழுத்துக்குப் பின்னே போகும். மூன்றாம் முடிச்சுக்கு நாத்தனார் கைநீட்டுவார். நாலா பக்கமிருந்தும் அட்சதை பறக்கும். 2019 ஏப்ரலில் இந்தக் கேமராவுக்கு வந்த மூன்றாம் மென்பொருள் பதிப்புக்குப் பிறகு கண்ணைத் தேடிக் குவியம் செய்யும் வசதி தொடர்ச்சியாக இயங்குவது இங்கே பெரிய உதவி. ஆனால் தாலி ஏறும் கணத்தில் மாலைக்கும் ஜடைப் பூவுக்கும் நடுவில் கண் தெரியாது. அப்போது அதை அணைத்துவிட்டு, கைகளின் மேல் ஒற்றைப் புள்ளியை வைத்து எடுப்பதே சரி. இரண்டு நினைவக அட்டைகளிலும் ஒரேசமயத்தில் பதிவாகும்படி வைத்திருக்கிறேன். இரண்டாவது அட்டையைச் செருகும் துளை பழைய, வேகம் குறைந்த வகை என்பதால் நீளமாகத் தொடர்ந்து எடுத்தால் எழுதி முடிக்க நேரமாகும். மூன்று நான்காக விட்டுவிட்டு எடுத்தால் அந்தத் தடை தெரியாது.

ஈரத்துக்கு எதிரான பராமரிப்பு எளிது, ஆனால் விடாமல் செய்யவேண்டும். குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியதும் பையைத் திறந்தால் கண்ணாடியில் ஆவி படியும். அரைமணி நேரம் முன்னதாகவே போய், பையை மூடியபடி தார்சாவில் வைத்துவிடுகிறேன். ஓமப்புகையின் நெய்ப்பிசுக்கை அன்று மாலையே துடைக்கிறேன். வீட்டில் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும்படி உலர்பெட்டி வைத்திருக்கிறேன். சாரல் முடிந்ததும் ஐப்பசி, கார்த்திகை அடைமழை வந்துவிடுவதால் அதற்கு ஓய்வே கிடையாது.

இந்த லென்ஸ்களைப் பழையதாக வாங்க நினைப்பவர்கள், மலையடிவாரத்து ஊர்களில் இருந்து வருபவற்றை இரு பக்க மூடியையும் கழற்றி, திறப்பை முழுதாக வைத்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்துச் சாய்வாகப் பார்க்கவேண்டும். உள்ளே நூல் போன்ற வெண்மையான கிளைகள் தெரிந்தால் எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்கவேண்டாம். கடையில் துடைத்துத் தருகிறோம் என்பார்கள்; பூஞ்சை போகும், அது கண்ணாடியின் பூச்சை அரித்த தடம் போகாது.