7,800 ரூபாய் டயர், முட்டுக்காடுகூடத் தாண்டவில்லை

ரோடு பைக் (மெல்லிய டயர் போட்ட வேக சைக்கிள்) டயர் மாற்றப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடைப் பெயரைப் போடவில்லை. சென்னையில் விலை உயர்ந்த சைக்கிள்கள் மட்டும் விற்கும் ஏசி ஷோரூம், அவ்வளவுதான் சொல்வேன்.

25 எம்.எம். அகல டயரை எடுத்துவிட்டு 28 போடலாம் என்று போனேன். கடைக்காரர் குனிந்து, பிரேக்குக்கும் டயருக்கும் நடுவே சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். "28 தாராளமா உட்காரும் சார், நானும் ஈசிஆர்ல இதைத்தான் ஓட்டுறேன்." இவ்வளவு அக்கறையாகப் பார்க்கிறாரே என்று அங்கேயே விழுந்துவிட்டேன். இரண்டு ஃபோல்டிங் (மடித்து வைக்கக்கூடிய) டயர், ட்யூப், மாட்டுவதற்கான கூலி எல்லாம் சேர்த்து 7,800 ரூபாய். "டீ குடிச்சிட்டு வாங்க சார்" என்றார்கள். வந்தால் வண்டி தயார், காற்று உட்பட.

மறுநாள் விடியற்காலை, முட்டுக்காடு பாலத்துக்கு முன்னால் பின் டயர் பட்டாசு மாதிரி வெடித்தது. நல்லவேளை, பின்னால் பஸ் வரவில்லை. கழற்றினால் ட்யூபில் விரல் நீளத்துக்குக் கிழிசல். டயர் விளிம்புக்கும் ரிம்முக்கும் இடையில் ட்யூபைச் சிக்கவைத்தே காற்றடித்திருக்கிறார்கள், படுபாவிகள். சரி, அதோடு விட்டதா? டயரின் பக்கவாட்டை மடக்கினால் நூல் நூலாக வெடிப்பு. எத்தனை வருஷம் ஷோகேஸில் காய்ந்த சரக்கோ!

போன் செய்தால் "கண்ணாடி குத்தியிருக்கும் சார்". நேரில் போனால் "ஓனர் ஊர்ல இல்ல". போட்டோ அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. அப்புறம் ஒருநாள் "கம்பெனிக்கு அனுப்பியிருக்கோம் சார்" என்றார்கள். டயர் என் வீட்டு பால்கனியில் கிடக்கிறது, எதை ஐயா அனுப்பினீர்கள்? சுண்டுவிரல் விட்டு அளந்த அதே மனிதர், "நீங்க காத்து அதிகமா அடிச்சிருப்பீங்க" என்கிறார். நான் பம்பைத் தொடவே இல்லை! பில்லில் "சைக்கிள் உதிரிபாகம் 7,800". கம்பெனி பெயரும் கிடையாது, அளவும் கிடையாது.

டயர் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இந்தக் கடுப்பில் முடியவில்லை. இது மட்டும்: பில்லில் பிராண்டும் 28-622 மாதிரி அளவும் (டயர் அகலம், ரிம் விட்டம், எம்.எம்.-ல்) எழுதி வாங்குங்கள். மாட்டுவதற்கு முன் டயரை மடக்கி வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், டீ வேண்டாம். ரிம்மை ஒட்டி டயரில் மெல்லிய கோடு ஒன்று ஓடும். அது சுற்றிலும் ஒரே உயரத்தில் தெரியாவிட்டால் வண்டியை எடுக்காதீர்கள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தாச்சு. 7,800 ரூபாயை விடுவதாக இல்லை.