மின்னணு மருத்துவப் பதிவேடு: வார்டில் பல ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு

காகிதக் கேஸ் ஷீட்டுக்குத் திரும்பிப் போகச் சொன்னால் நான் போகமாட்டேன். ஆனால் மின்னணுப் பதிவேடு வந்தால் நேரம் மிச்சமாகும் என்று சொன்னார்களே, அது நடக்கவில்லை. அமெரிக்காவில் புறநோயாளிப் பிரிவு மருத்துவர்களைக் கவனித்து 2016-இல் வெளியான ஆய்வு, நோயாளியுடன் நேரடியாகச் செலவிடும் ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் கணினியிலும் மேசை வேலையிலும் போவதாகக் காட்டியது. படித்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை.

பலன் வேறு இடத்தில் இருக்கிறது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு சில மாதங்களாக மெல்ல ஏறுவது ஒரே வரைபடத்தில் தெரிந்துவிடுகிறது. சிறுநீரகம் வழியே வெளியேறும் சர்க்கரை நோய் மருந்தான மெட்ஃபார்மினின் டோஸை உடனே யோசிக்க முடிகிறது. தனித்தனி லேப் தாள்களில் இது எளிதில் கண்ணில் படாது.

மென்பொருளுக்குப் புரிவது உரிய கட்டத்தில் பதிந்தது மட்டும்தான். பென்சிலின் அலர்ஜி என்று குறிப்புக்குள் ஒரு வரியாக எழுதிவிட்டால், அதே வகையைச் சேர்ந்த அமாக்ஸிசிலின் ஆர்டர் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் போய்விடும். மறுபக்கம், மாத்திரையால் வயிறு கலங்கியதைக்கூட அலர்ஜி என்று பதிகிறார்கள். அப்புறம் தொட்டதற்கெல்லாம் அலர்ட். படிக்காமலே மூடிவிடும் பழக்கம் வந்துவிடுகிறது, ஆபத்தான எச்சரிக்கையும் அதோடு சேர்ந்து மூடப்படுகிறது. எங்கள் இடத்தில் மருந்தாளுநரும் செவிலியர்களும் மருத்துவர்களும் உட்கார்ந்து, யாருமே மதிக்காத அலர்ட்டுகளை எடுத்துவிட்டார்கள். மீதி இருப்பதை இப்போது நின்று படிக்கிறோம். இத்தனை ஆண்டுகளில் இதைவிட உருப்படியான மாற்றத்தை நான் பார்க்கவில்லை.

நேற்றைய குறிப்பை அப்படியே இன்றைக்கு ஒட்டுவது இன்னும் தீரவில்லை. உடலுக்குள் தேங்கும் திரவத்தை வடிக்க வைத்த குழாயை, அதாவது ட்ரெய்னை, எடுத்த பிறகும் ‘ட்ரெய்ன் உள்ளது’ என்றே குறிப்பு ஓடும். சர்வர் நின்றால் என்ன செய்வது என்பதும் முக்கியம். அன்றைய மருந்துப் பட்டியலின் அச்சுப் பிரதி ஒவ்வொரு வார்டிலும் இருக்க வேண்டும்.

புதிதாக வாங்கப்போகிறவர்கள் திரையின் அழகைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு மாதிரி நோயாளியின் முழுப் பதிவையும் மருத்துவத் தகவலை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோக உதவும் எஃப்.எச்.ஐ.ஆர். (FHIR) தரநிலையில் வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதில் அலர்ஜி குறியீட்டோடு வருகிறதா, வெறும் வாக்கியமாக வருகிறதா என்று பாருங்கள். வாக்கியமாக வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.