ரக்கூன் எச்சம் துப்புரவாக்க வந்தவர்கள்: ஸ்காபரோவில் எங்கள் அனுபவம்

ஏப்ரலில் பனி கரைந்த பிறகுதான் கண்டேன். பின்வளவில் டெக்கின் மூலையிலும் அதற்குக் கீழே மண்ணிலும் கறுப்பாக எச்சம் குவிந்து கிடந்தது. எங்களிடம் நாய் இல்லை. ரக்கூன்கள் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து கழிக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். அந்த மூலைக்கு நாலடி தள்ளித்தான் ஒவ்வொரு கோடையும் கத்தரியும் மிளகாயும் வைப்பேன். பேத்திக்கு ஒன்றரை வயது. கையில் அகப்படுவதெல்லாம் வாய்க்குத்தான் போகும்.

முதலில் கூப்பிட்ட நிறுவனம், ரக்கூனைப் பிடித்துத் தூரக் கொண்டுபோய் விடுகிறோம், எச்சத்துக்கு ப்ளீச் அடிக்கிறோம் என்றது. இரண்டும் பிழை என்று பிறகுதான் தெரிந்தது. ஒன்ராறியோவில் பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் கொண்டுபோய் விடச் சட்டம் இடம் கொடுக்காது. ப்ளீச்சுக்கு எச்சத்தில் இருக்கும் புழு முட்டைகள் சாகவும் மாட்டாது.

இரண்டாவதாக வந்தது இரண்டு பேர் நடத்தும் சின்ன நிறுவனம். நான் எழுத வந்தது இவர்களைப் பற்றி. வந்ததும் அந்த மனிதர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை நாளாகக் கிடக்கிறது?" ரக்கூனின் குடலில் பேலிசஸ்காரிஸ் என்ற வட்டப்புழு வாழ்கிறது. ஒரு பெண் புழு நாளொன்றுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் முட்டையிடும். புதிய எச்சத்தில் உள்ள முட்டை உடனே தொற்றாது, இரண்டு முதல் நாலு கிழமை முதிர வேண்டும். முதிர்ந்த பிறகு மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும், குளிர்காலத்துக்கும் தாங்கும். எங்களுடையது பனிக்கு முந்தியதாகவும் இருக்கலாம் என்பதால், எல்லாமே முதிர்ந்தது என்று எடுத்துக்கொண்டார்.

மனிதர் அந்த முட்டையை விழுங்கினால் குடலில் பொரித்த குஞ்சுப்புழு உடம்புக்குள் அலையும். சில வேளை கண்ணுக்கும் மூளைக்கும் போய்விடும். எலிக்கும் அதே கதிதான். மூளையில் புழு ஏறித் தடுமாறும் எலியை ரக்கூன் சுலபமாகப் பிடித்துத் தின்னும், புழு திரும்பவும் தன் வீட்டுக்கு வந்துவிடும். மனிதரில் இது மிக அரிது, ஆனால் வந்தால் மோசம். மண் தின்னும் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் ஆபத்து கூட. எச்சத்தை வாயில் வைத்தது கண்டால் காய்ச்சல் வரட்டும் என்று காத்திராமல் அன்றே வைத்தியரிடம் போங்கள் என்று அழுத்திச் சொன்னார். அல்பென்டசோல் குளிசை உடனே தொடங்கினால்தான் பலன், புழு மூளைக்குப் போன பிறகு கஷ்டம். பேத்தி அந்தப் பக்கம் போகவில்லை. இருந்தும் அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

வேலை செய்த விதம் எனக்கு நல்ல திருப்தி. முகக்கவசம், கையுறை, றப்பர் சப்பாத்து எல்லாம் போட்டார்கள். தூசி கிளம்பாமல் முதலில் தண்ணீர் தெளித்தார்கள். எச்சத்தை அள்ளி இரட்டைப் பையில் கட்டினார்கள். பிறகு டெக் பலகைக்குக் கொதிதண்ணீர், இரண்டு தரம். மூலையில் இருந்த மண்ணை நாலு அங்குலத்துக்கு வெட்டி எடுத்தார்கள். சவளின் இரும்பை எரிவாயுச் சுவாலையில் சுட்டார்கள். அந்த முட்டைக்குப் பயம் சூடு ஒன்றுதானாம். அதுக்கு முன்னால் கூட வந்த பிள்ளை டெக்குக்குக் கீழே லைட் அடித்துக் குட்டி இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்திருந்தால் தாயும் குட்டிகளும் தாங்களாகவே வெளியேறும்வரை அடைக்க மாட்டோம் என்றாள். அது எனக்குப் பிடித்தது. ரக்கூன் எங்களுக்கு முந்தியே இந்த மண்ணில் இருந்த பிராணி.

குறை இல்லாமல் இல்லை. காலை ஒன்பதுக்கு வருகிறோம் என்றவர்கள் பிற்பகல் மூன்றுக்குத்தான் வந்தார்கள். வெட்டிய குழியை மூடாமல் போய்விட்டார்கள், மருமகன் கடையில் ஐந்து மூட்டை மண் வாங்கி நிரப்ப வேண்டியிருந்தது. கட்டணம் வரியோடு 510 டொலர். அந்த மண் வேலையும் அதற்குள் அடங்கியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கூப்பிடுகிறவர்கள் தொலைபேசியிலேயே, முட்டையை எதனால் கொல்லுவீர்கள் என்று கேளுங்கள். கொதிதண்ணீர், நீராவி, நெருப்பு என்று சொன்னால் வரச் சொல்லுங்கள். வேறு மருந்துப் பெயர் சொன்னால் வேண்டாம்.

பச்சைத் தொட்டிப் பூட்டை இப்போது இரவில் நானே திருகிப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன், மீன் தலையும் இறால் கோதும் அதில்தானே போகிறது. மணல் பெட்டிக்கு மருமகன் மூடி அடித்துவிட்டார். மிளகாய் இந்த வருடம் முன்வாசலில், சாடியில்.