பிளேடு இல்லாத லாசிக்குக்குப் பணம் கட்டினேன், பிளேடு வைத்துத்தான் செய்தார்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஆஸ்பத்திரி பெயரைக் கேட்காதீர்கள். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், முடிகிற வரைக்கும் பெயர் வெளியே வரக் கூடாது என்று வக்கீல் அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆனால் நடந்ததைச் சொல்வதற்கு ஒரு தடையும் இல்லை. லாசிக், அதாவது கண்ணாடி போடாமல் இருக்க லேசர் வைத்துக் கண்ணில் செய்கிற ஆபரேஷன், பண்ணலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் முழுசாகப் படியுங்கள், கொஞ்சம் நீளம்தான்.

எனக்கு ஏழாம் வகுப்பிலிருந்து கண்ணாடி. வலது கண் மைனஸ் 5.25, இடது மைனஸ் 6. காலையில் எழுந்ததும் தலையணைக்குப் பக்கத்தில் கண்ணாடியைத் தடவி, அதன் மேலேயே கையை ஊன்றி, இரண்டு தடவை காது பிடிக்கிற கம்பியை உடைத்திருக்கிறேன். ஸ்கூட்டியில் ஹெல்மெட்டுக்குள் கண்ணாடி, மழை வந்தால் இரண்டிலும் தண்ணீர். அதனால் எட்டு வருடம் கான்டாக்ட் லென்ஸ் போட்டேன். நாள் முழுக்க ஏசியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டுச் சாயந்திரம் ஆனால் கண்ணில் மணல் விழுந்த மாதிரி அரிக்கும். பெண் பார்க்க வந்த ஒரு வீட்டில் “கண்ணாடி எப்பவுமே போடணுமா?” என்று என்னிடம் கேட்காமல் அம்மாவிடம் கேட்டார்கள். அந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன், ஆனால் கேள்வி மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

அப்போதுதான் போனில் அந்த லாசிக் விளம்பரம். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 25,000, பரிசோதனை இலவசம். அப்பா, “எழும்பூர் கண்ணாஸ்பத்திரியில போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாம்மா, உன் பாட்டிக்கு அங்கதான் புரை எடுத்தாங்க” என்றார். 1819இல் ஆரம்பித்த ஆஸ்பத்திரி, அங்கே போய் வரிசையில் நிற்கணுமா என்று எனக்குச் சலிப்பு. ஏசி, காபி மெஷின், சிரித்த முகம், இதெல்லாம் இருக்கிற இடத்துக்குப் போனேன். என் தப்பு இங்கே ஆரம்பிக்கிறது, மறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் டெஸ்ட். ஒரு பையன் வரிசையாக மெஷின்களில் தாடையை வைக்கச் சொன்னான், பலூன் படம் தெரிகிறதா, சிவப்பு வட்டம் தெரிகிறதா என்று. “லென்ஸ் எப்ப கழட்டுனீங்க?” என்று கேட்டான். நேற்று ராத்திரி என்றேன். எழுதிக்கொண்டான், அவ்வளவுதான். சாஃப்ட் லென்ஸ் போடுகிறவர்கள் இரண்டு வாரமாவது அதை நிறுத்திவிட்டுத்தான் இந்த அளவெல்லாம் எடுக்க வேண்டும், ஏனென்றால் லென்ஸ் அழுத்தி அழுத்திக் கருவிழியின் வடிவமே கொஞ்சம் மாறியிருக்கும், அது பழைய நிலைக்கு வர நாளாகும், கெட்டி லென்ஸ் என்றால் இன்னும் அதிக நாள். இது எனக்கு அப்போது தெரியாது, அந்தப் பையனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சாயந்திரம் கண் அரிக்கும் என்றும் சொன்னேன். “எல்லாருக்கும் அப்படித்தான் மேடம்.” கண்ணீர் எவ்வளவு சுரக்கிறது என்று பார்க்க ஒரு சின்னக் காகிதப் பட்டையைக் கீழ் இமையில் ஐந்து நிமிடம் மாட்டி வைப்பார்கள். அந்தச் சோதனை எனக்குச் செய்யவே இல்லை.

அப்புறம் கவுன்சிலர் அறை. டாக்டர் இல்லை, கவுன்சிலர். நன்றாகப் பேசுகிற பெண், என் வயதுதான் இருக்கும். மேஜையில் விலை அட்டை, மூன்று கட்டம். 25,000 ரூபாய்க் கட்டத்தைக் காட்டினால் முகம் லேசாகச் சுருங்குகிறது. “அது பிளேடு வச்சு பண்றது மேடம். உங்க பவருக்கு ரெகமெண்ட் பண்ண மாட்டோம். ஃபெம்டோ போங்க, முழுக்க லேசர், பிளேடே கிடையாது, ஜெர்மன் டெக்னாலஜி.” ஃபெம்டோ 78,000. அதற்கு மேல் ஸ்மைல் என்று இன்னொரு லேசர் முறை, ஒரு லட்சத்துக்கும் மேலே. நடுக் கட்டத்தைத்தான் எல்லாரும் எடுப்பார்கள் என்று அட்டை போட்டவருக்கே தெரியும் போல.

(லாசிக்கில் பவரைக் குறைக்கக் கருவிழியைச் செதுக்குகிற லேசருக்குப் பின்னால் நம் ஊர் சம்பந்தம் ஒன்று இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி ஸ்ரீனிவாசன் 1981இல் அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தபோது, விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டைக் கொண்டுபோய் எக்சைமர் லேசரைப் பாய்ச்சிப் பார்த்தார். சுற்றிலும் கருகாமல் சுத்தமாகச் செதுக்கியது. கண்ணில் செய்வதும் அதேதான். இதெல்லாம் ஆபரேஷனுக்கு அப்புறம், தூக்கம் வராத ராத்திரிகளில் படித்தது.)

பணம் அதிகமாக இருக்கிறதே என்று இழுத்தேன். “கம்பெனி இன்சூரன்ஸ் இருக்குல்ல? கிளெய்ம் பண்ணிக்கலாம் மேடம், நாங்களே பேப்பர் ரெடி பண்ணித் தர்றோம்.” இது முழுப் பொய். நம் நாட்டு ஹெல்த் பாலிசிகளில் வழக்கமாக இருக்கிற விலக்கு, 7.5 டயாப்டருக்குக் குறைவான பவரைச் சரிசெய்கிற சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்பது. என் பவர் 6. தினமும் பத்துப் பேருக்கு இதைப் பேசுகிறவருக்கு அது தெரியாமல் இருக்குமா? பின்னால் கிளெய்ம் போட்டேன், ஒரே வாரத்தில் நிராகரித்துக் கடிதம் வந்தது. அதற்குள் கார்டில் ஈஎம்ஐ ஓட ஆரம்பித்துவிட்டது.

“நாளைக்கே ஸ்லாட் இருக்கு, ஆஃபர் இந்த வாரத்தோட முடியுது” என்றார். சனிக்கிழமை போனேன்.

அங்கே என் கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டு, தலைக்குத் தொப்பி மாட்டி, மரத்துப்போகிற சொட்டு மருந்தை விட்டார்கள். அதற்கு அப்புறம்தான் சம்மதப் படிவம் வருகிறது. ஆறு பக்கம், முழுக்க ஆங்கிலம். மைனஸ் ஆறு பவர்காரி, கண்ணாடி இல்லை, கண்ணிலிருந்து மருந்து வழிகிறது. பேப்பரை மூக்கில் ஒட்டி வைத்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறேன், பின்னால் அதே தொப்பியோடு நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். “இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு மேடம்” என்று நர்ஸ் விரலை வைத்த இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். எந்த முறையில் செய்யப்போகிறார்கள் என்று எழுத வேண்டிய கோடு வெறுமையாக இருந்தது. அதைப் பார்த்தேன். கேட்கவில்லை.

ஆபரேஷன் செய்தவரை முதலும் கடைசியுமாக அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டுதான் பார்த்தேன், அதுவும் மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும். விளம்பரத்தில் இருந்த டாக்டர் இல்லை. இமையை விரித்துப் பிடிக்க ஒரு கம்பி. வளையம் ஒன்றைக் கண் மேல் வைத்து அழுத்தியதும் பார்வை ஓரத்திலிருந்து இருண்டுகொண்டே வந்து முழுசாக அணைந்துபோனது, இது இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள், பயப்படவில்லை. உடனே ஒரு சத்தம். சலூனில் பிடரியில் ஓட்டுவார்களே, அந்த டிரிம்மர் மாதிரி, ட்ர்ர்ர் என்று நாலைந்து நொடி. அப்புறம் நிறுத்தம். அப்புறம் சிவப்பு வெளிச்சத்தையே பாருங்கள் என்றார்கள், டப டப என்று லேசர், முடி பொசுங்குகிற மாதிரி ஒரு வாடை. அடுத்த கண்ணுக்கும் அதே மாதிரி. பதினைந்து நிமிடத்தில் எழுந்து உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

அந்த ட்ர்ர்ர் சத்தத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை சுவர்க் கடிகாரத்தில் நொடி முள் தெரிந்தது. அழுதேன், பொய் சொல்லவில்லை. அலுவலகத்தில் எல்லாரிடமும் பெருமை, இரண்டு பேருக்கு அந்த ஆஸ்பத்திரி நம்பர்கூடக் கொடுத்தேன். (அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், நல்லவேளை ஒருத்தரும் போகவில்லை.)

மூன்றாவது வாரத்திலிருந்து இடது கண் நழுவ ஆரம்பித்தது. பஸ் நம்பர் மங்கல். ராத்திரி வண்டி ஓட்டினால் எதிரே வருகிற ஒவ்வொரு ஹெட்லைட்டுக்கும் சுற்றிலும் ஒளிவட்டம், சிக்னல் விளக்கிலிருந்து முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கிறது. கண் வறட்சி முன்பைவிட மோசம். காலையில் இமை ஒட்டிக்கொண்டு திறக்கவே யோசிக்கிறது. போய்ச் சொன்னால் ஒவ்வொரு தடவையும் ஒரே பதில், “டிரை ஐ மேடம், ஆறு மாசத்துல சரியாயிடும், சொட்டு விடுங்க.” லாசிக்கில் கருவிழி நரம்புகள் அறுபடுவதால் எல்லாருக்குமே கொஞ்ச மாதம் வறட்சி இருக்கும், அது உண்மைதான். அந்த உண்மைக்குப் பின்னால் இவர்கள் ஒளிந்துகொண்டார்கள். ஒரு வருடம் இலவசப் பரிசோதனை என்று சொன்னதும் மூன்று தடவையோடு முடிந்து, நாலாவது தடவை 600 ரூபாய் கட்டச் சொன்னார்கள்.

ஏழாவது மாதம் வேறொரு டாக்டரம்மாவிடம் போனேன். வயதானவர், பத்து நிமிடம் நான் பேசுவதை மட்டும் கேட்டார். அந்தக் காகிதப் பட்டையை மாட்டினார். ஐந்து நிமிடத்தில் பத்து மில்லிமீட்டருக்கு மேல் நனைய வேண்டியது, எனக்கு நான்கு. இடது கண்ணில் மைனஸ் 1.25 இருக்கிறது என்றார், லென்ஸ் கழற்றிய மறுநாள் எடுத்த அளவை வைத்துச் செய்தால் அதை எப்படி நம்புவது என்றும் கேட்டார். அப்புறம் கருவிழியை ஸ்கேன் எடுத்து, திரையைப் பார்த்துக்கொண்டே, “ஏம்மா, உனக்குப் பிளேடுலதானே பண்ணாங்க?” என்றார்.

ஃபெம்டோ என்றேன். 78,000 பில் என்றேன். திரையை என் பக்கம் திருப்பினார். கருவிழியில் மூடி மாதிரி ஒரு ஏட்டை வெட்டித் தூக்கிவிட்டுத்தான் உள்ளே லேசர் அடிப்பார்கள், அதற்குப் பெயர் ஃபிளாப். ஃபெம்டோ லேசரில் வெட்டினால் அந்த ஏடு ஒரே சீரான கனத்தில் இருக்குமாம். எனக்கு நடுவில் மெலிந்து ஓரத்தில் தடித்து இருந்தது. “சத்தம் கேட்டுச்சா?” என்றார். ட்ர்ர்ர் என்றேன். அது மைக்ரோகெரடோம், மோட்டார் வைத்த பிளேடு. “ஃபெம்டோன்னா ஒரு மெஷினுக்கு அடியில முடிச்சிட்டு இன்னொரு மெஷினுக்கு உன்னை நகர்த்தியிருப்பாங்களே, நகர்த்துனாங்களா?” இல்லை. படுத்த இடத்திலேயே எல்லாம் முடிந்தது.

பிளேடு என்றாலே மோசம் என்று நினைத்துவிடாதீர்கள், பல வருடம் உலகம் முழுக்க அதில்தான் செய்தார்கள், நன்றாகவே செய்தார்கள். என் பிரச்சினை வேறு. ஆபரேஷனுக்கு முன்னால் என் இடது கருவிழியின் கனம் 518 மைக்ரான் (மைக்ரான் என்றால் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஏடு 150 போயிற்று. பவரைக் குறைக்கச் செதுக்கியது கிட்டத்தட்ட 90. மீதி 278. அடியில் 250க்குக் குறையவே கூடாது, 300 இருந்தால்தான் நிம்மதி என்கிற டாக்டர்கள் நிறைய. மீறினால் கருவிழி வலுவிழந்து முன்னால் பிதுங்க ஆரம்பித்துவிடலாம். மிச்சமிருக்கிற 1.25 பவரை எடுக்க மறுபடி செதுக்க வேண்டும், “இந்தக் கண்ணை நான் தொட மாட்டேன்” என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பணம் வாங்கிய முறையிலேயே செய்து ஏடு 110 மைக்ரானில் நின்றிருந்தால், 318 மிச்சம். நாற்பது மைக்ரான், ஒரு தலைமுடியின் கனம்கூட இல்லை. அதற்குத்தான் நான் 53,000 ரூபாய் கூடக் கொடுத்தேன்.

கேஸ் ஷீட் கேட்டேன். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும் என்று மருத்துவக் கவுன்சில் விதியே இருக்கிறது. இவர்கள் சர்வர் டவுன், டாக்டர் லீவு, ஹெட் ஆபீஸ் அனுமதி என்று ஐந்து வாரம் இழுத்தார்கள். வாயால் கேட்டதெல்லாம் காற்றில் போயிற்று, பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி அக்னாலட்ஜ்மென்ட் அட்டை கைக்கு வந்த பிறகுதான் பிரதி வந்தது. அதில் ஃபிளாப் என்ற கட்டத்தில் பேனாவால் ‘எம்.கே.’ என்று இரண்டே எழுத்து. மைக்ரோகெரடோம். பில்லில் அச்செழுத்தில் ஃபெம்டோ. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு அவர்களுடைய ஃபெம்டோ மெஷின் ரிப்பேரா, இல்லை அந்தக் கிளையில் அப்படி ஒரு மெஷினே கிடையாதா என்று இன்றுவரை பதில் இல்லை.

மேனேஜர் கூப்பிட்டார். “டேட்டா என்ட்ரி மிஸ்டேக் மேடம், குட்வில்லா ஒரு 20,000 திருப்பித் தர்றோம்” என்றார், கூடவே ஒரு தாள், இனிமேல் எங்கேயும் புகார் செய்ய மாட்டேன், எழுத மாட்டேன் என்று. இந்தத் தடவை பேப்பரை எனக்குப் படிக்க முடிந்தது, வலது கண் நன்றாகத்தான் இருக்கிறது. கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன்.

மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது. கட்டிய பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையத்தில் புகாருக்குக் கட்டணமே இல்லை, ஆன்லைனில் போடலாம், ஆனால் இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். சரியாகிவிடும் சரியாகிவிடும் என்று சொட்டு மருந்து கொடுத்தே அந்த இரண்டு வருடத்தைக் கரைத்துவிடுவார்கள், நானே ஏழு மாதம் கரைய விட்டேன்.

என்னோடு வேலை பார்க்கிற தம்பி ஒருவன் வேறு இடத்தில் செய்துகொண்டான். லென்ஸை நிறுத்து என்று முதல் நாளே திருப்பி அனுப்பி, இரண்டு வாரம் கழித்து அளவெடுத்து, செய்யப்போகிற டாக்டரே உட்கார வைத்து அரை மணி நேரம் பேசி, நாற்பது வயதுக்கு மேல் படிக்கக் கண்ணாடி வரும், அதை இது தடுக்காது என்பதுவரை சொல்லித்தான் கட்டிலில் ஏற்றியிருக்கிறார்கள். அவன் கழுகு மாதிரி பார்க்கிறான். லாசிக் மேல் எனக்குக் கோபமில்லை.

இப்போது வண்டி ஓட்ட மட்டும் மறுபடி கண்ணாடி, ஒரு பக்கம் பவர், ஒரு பக்கம் சும்மா. பையில் எப்போதும் சொட்டு மருந்து. அடுத்த வாய்தா அடுத்த மாதம். பிளேடு இல்லாத முறை என்று பணம் கட்டி ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் கேஸ் ஷீட்டை வாங்கி அந்த ஃபிளாப் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். உங்களுக்கும் அந்த இரண்டு எழுத்துதான் என்றால் எனக்குத் தனியாக ஒரு வரி எழுதுங்கள், எங்கள் வக்கீல் பேச வேண்டும் என்கிறார்.